கதவிடம் கேட்டவன்

சின்னமனூரில் மேகமலைக்குத் திரும்பும் சாலையில், என் அக்கா கணவர் ஈஸ்வரபாண்டியின் வாழைக்காய் பழுக்கவைக்கும் கிடங்கு இருக்கிறது. நான் போய் இறங்கியபோது பகல் பன்னிரண்டு. நான்காவது குளிர் அறையிலிருந்து பழ வாடையோடு பினாயில் நெடியும் வந்தது.

ஒன்பது நாளுக்கு முன் அங்கேதான் அம்மாவாசி செத்தான். வாழைத்தார் அடுக்க உள்ளே போனவன். கதவு மூடியது, காயைப் பழுக்கவைக்கும் வாயு திறந்தது. மறுநாள் எடுத்தபோது பத்து விரலிலும் நகம் இல்லை.

அந்தக் கதவுகளை இயக்குவது நெட்வொர்க். எது எதனிடம் பேசினாலும் பதிவில் ஒரு வரி விழும். கேட்பது கிளையண்ட், கேட்டதற்குப் பதில் தருவது சர்வர். அமைத்தவன் நான்.

அன்றைய வரி: கிளையண்ட், ஆபீஸ் கம்ப்யூட்டர். சர்வர், நான்காம் கதவு. கேட்டது, மூடு.

அதற்குக் கீழே நாற்பத்தொரு வரிகள். அறைக்குள் போன் சிக்னல் எடுக்காது, கிடங்கின் நெட்வொர்க் மட்டும்தான் எட்டும். கிளையண்ட், அம்மாவாசியின் போன். கேட்டது, திற. பதில், அனுமதி இல்லை.

"உள்ள ஆள் இருந்தது தெரியுமா மச்சான்?"

"தெரியும். எதுத்துப் பேசுனான். ராத்திரி பூராம் கெடந்தா புத்தி வரும்னு பாத்தேன். செத்துத் தொலைவான்னு யாரு கண்டா?"

"அவன் பொண்டாட்டி ராஜாத்தி போலீஸ்ல இந்தப் பதிவைத்தான் கேக்குறா."

"அதுக்குத்தான் ஒன்னய வரச் சொன்னேன் மாப்ளே. மூடச் சொன்னது அவன் போனுன்னு மாத்து. அவனே பூட்டிக்கிட்டான். நான் உள்ள போனா ஒங்கக்கா கதி என்னாகும்?"

மாற்றினேன். பொய் நிற்க வேண்டுமே என்று அந்தப் போனுக்கு மூடும் அனுமதியையும் கொடுத்தேன். போனை நசுக்கி முல்லையாற்றில் வீசியாயிற்று என்றார் மச்சான்.

"கதவு இடுக்குல ஒரு நகம் ஒட்டிருக்கு. இரு, சொரண்டிட்டு வாரேன்."

அவர் திறந்திருந்த நான்காம் கதவின் இடுக்கில் போய்க் குனிந்தார்.

திரையில் புது வரி விழுந்தது.

கிளையண்ட், அம்மாவாசியின் போன். கேட்டது, மூடு.

கதவு நகர்ந்தது.

"ஏலே வினோத்து! நிறுத்துடா!"

'திற' என்று அழுத்தினேன். அனுமதி இல்லை.

கதவு அவர் நெஞ்சில் ஏறியது. விலா எலும்புகள் காய்ந்த மட்டை மாதிரி முறிந்தன. மூடு. வாயிலிருந்து ரத்தம் கொப்பளித்தது. மூடு. அவர் கத்துவதை நிறுத்திய பிறகும் வரிகள் விழுந்துகொண்டே இருந்தன. கதவு முழுதாக மூடியபோது அவருடைய ஒரு கை வெளியே கிடந்தது.

சத்தம் அடங்கியது.

இன்னொரு வரி.

கிளையண்ட், அம்மாவாசியின் போன். சர்வர், வினோத்ராஜ்.

கேட்டது, மூடு.

என் வலது கண் தானாக மூடிக்கொண்டது. விரலால் பிரித்தும் திறக்கவில்லை.

அன்று மாலையே நான் மாற்றிய வரியைப் பழையபடி திருத்தி, உண்மைப் பதிவை ராஜாத்தியிடம் கொடுத்தேன். அவள் என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

கம்ப்யூட்டரைப் போலீஸ் சீல் வைத்து எடுத்துப் போய்விட்டது. வரி இப்போது என் போனில் விழுகிறது.

நேற்று வலது கை விரல்கள் மூடிக்கொண்டன.

இன்று காலையிலிருந்து வாய் திறக்கவில்லை.