ராசியான கை

“தங்கள் கருப்பை வளர்ந்து தயாராக உள்ளது. பதினைந்து நாட்களுக்குள் நேரில் வந்து பொருத்திக்கொள்ளவும்.”

2160-இல் இப்படியொரு செய்தி வந்தால் யாரும் திடுக்கிடுவதில்லை. தூத்துக்குடிக் கடலில் மிதக்கும் நகரத்தில் மாதம் நாற்பது பேருக்காவது வரும். திருநங்கைகளும், பிறவியிலேயே கருப்பை இல்லாத பெண்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். பொருத்திய பிறகு மூன்று முறை கருத்தரிக்க அனுமதி உண்டு. அதன்பின் எடுத்துவிடுவார்கள், வாடகை வீட்டைக் காலி செய்கிற மாதிரி.

நித்திலாவின் கருப்பை சந்திரிகாவின் எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்க்கப்பட்டது. நித்திலா திருநங்கை என்று தெரிந்து பெற்றவர்கள் பதினேழு வயதில் துரத்திவிட்டபோது, மகளாக ஏற்று வளர்த்தவள் சந்திரிகா. அவளும் திருநங்கைதான். தனக்கென்று ஒரு கருப்பைக்காக ஒன்பது ஆண்டு வரிசையில் நின்றவள். நித்திலாவின் மஜ்ஜையில் கருப்பை வளரவில்லை; ஒருவர் மஜ்ஜையில் ஒரே ஒரு கருப்பைதான் வளரும் என்றார்கள். மகளுக்கே வளர்த்துக் கொடுங்கள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அதை யாரிடமும் சொல்லவுமில்லை.

முதல் கரு கலைந்தது. இரண்டாவதும் கலைந்தது. மூன்றாவது ஏழாம் மாதத்தைத் தொட்டிருந்தது. இது போனால் நித்திலாவுக்கு இன்னொரு வாய்ப்பு இல்லை. கணவன் ரூபனின் அத்தை, வளையல் போடுகிற கை ராசியான கையாக இருக்க வேண்டும் என்று தினமும் ஓதிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் நித்திலா இதைக் கேட்டுச் சிரித்திருப்பாள். பயம் வந்துவிட்டால் படிப்பெல்லாம் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும்.

வளைகாப்பு மண்டபத்தின் வாசலில் ஒரு வாயிற்பொறி இருந்தது. வருகிறவர்களின் உடலை நொடியில் படித்து, காய்ச்சல், தொற்று இல்லாதவர்களுக்கு மட்டும் கதவைத் திறக்கும். பட்டுப் புடவையோடு, மகளுக்குப் போட வாங்கிய கண்ணாடி வளையல்களைக் கை நிறைய ஏந்திச் சந்திரிகா வந்து நின்றாள். கதவு திறக்கவில்லை.

“மன்னிக்கவும். தங்களுக்குக் கருப்பை இல்லை. பக்கத்து அறையில் அமருங்கள். விருந்து அங்கேயே பரிமாறப்படும்.”

சந்திரிகாவுக்குச் சிரிப்பு வந்தது. மகளை அழைத்தாள். நித்திலா வயிற்றைப் பிடித்தபடி மெல்ல வெளியே வந்தாள்.

“ஏட்டி, உன் மிஷினு கெட்டுக் கெடக்கு. ஒங்க அக்கா வளைகாப்புல உன்ன வெளிய நிறுத்துனாங்கல்லா, அதே பேச்சப் பேசுது பாரு.”

நித்திலா தரையைப் பார்த்தாள். பழுது என்று சொல்லப்பட்டதால் பொறி தானாக விளக்கம் சொன்னது. அதற்கு வெட்கம் என்ற ஒன்றை யாரும் வைத்து அனுப்பவில்லை.

“பழுது எதுவும் இல்லை. இவ்வழக்கம் என் தயாரிப்பில் கிடையாது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே பொறிகளிலிருந்து நீக்கப்பட்டது. நேற்று மாலை கேட்டுச் சேர்க்கப்பட்டது. கேட்டவர் நித்திலா.”

சந்திரிகா சத்தம் போடவில்லை. என்னை நினைத்துத்தான் சொன்னாயா என்று மட்டும் கேட்டாள்.

“உங்கள நெனச்சு அழுதுட்டுத்தாம்மா சொன்னேன். கருப்பை இல்லாத கை ராசியில்லன்னு அத்த சொல்லிட்டே இருக்காங்க. ரெண்டு போயிட்டு. இதுவும் போச்சுன்னா நான் இருக்க மாட்டேன்.”

வயிற்றோடு நிற்கிறவளின் வழியிலிருந்து சந்திரிகா விலகினாள். பக்கத்து அறைக்குப் போனாள்.

அங்கே ஏற்கெனவே ஒருத்தி எலுமிச்சைச் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். மருத்துவர் ஜெசிந்தா. நித்திலாவுக்குக் கருப்பையைப் பொருத்தியவள். புற்றுநோயால் தன் கருப்பையை முன்பே இழந்தவள்.

“உங்களையுமா?” என்றாள் சந்திரிகா.

“ஏழு மாசமா அவ வயித்தத் தொட்டுப் பாத்தது இந்தக் கைதான். இன்னைக்கு ஆகாதாம்.”

சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு தொடங்கியது. முதல் வளையலை ரூபனின் அத்தை போடுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ போடும்போது பாட்டு சட்டென்று நின்றது. ஓடுகிற காலடிச் சத்தமும், அத்தனை பேரையும் மீறி நித்திலாவின் குரலும் கேட்டன.

“வயிறு இழுத்துப் பிடிக்கு. டாக்டர உள்ள விடச் சொல்லுங்க. எந்த ரூலும் வேண்டாம், எடுத்துருங்க.”

ஜெசிந்தா கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் ஓடினாள். சந்திரிகாவும் வளையல்களை அள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். கதவு அகலத் திறந்தது. ஜெசிந்தா உள்ளே போனாள், சந்திரிகா வாசலை எட்டினாள்.

விதியை எல்லோருக்கும் நீக்குவதா என்று பொறி கேட்டது. உள்ளேயிருந்து நித்திலாதான் மெதுவாகப் பதில் சொன்னாள்.

“டாக்டருக்கு மட்டும்.”

கதவு மூடிக்கொண்டது.