மதிப்பெண் போட மறுத்தவன்

அவன் கண்களை அவள் முதன்முதலில் பார்த்தது தலைகீழாகத்தான்.

பேராலயத்தின் நடுக்கூடத்தில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் ஹெஸ்டர். எண்ணூறு வருடங்களுக்கு முன் யாரோ ஒரு சிற்பி, அங்கே மூன்று கற்களில் ஒரே பெண்ணின் முகத்தைச் செதுக்கியிருந்தான். அது அவள் மட்டுமே கண்டுபிடித்த ரகசியம். திடீரென்று கூரையை மறைத்துக்கொண்டு, மழையில் நனைந்த ஒரு முகம் அவள் மேல் குனிந்தது. சாம்பல் நிறக் கண்கள்... சிரிக்கிற கண்கள்...

"கொஞ்சம் விட்டா மிதிச்சிருப்பேன். அப்படி என்ன பார்க்கறீங்க?"

"புறாக்கூடு."

பொய்தான். உண்மையைச் சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா? போன வருடம் ஒரு தோழியிடம் மனம்விட்டுப் பேசியதற்கு, அவள் கண்டுபிடிப்பு அந்தத் தோழியின் பெயரில் கட்டுரையாக வந்தது. சூடு கண்ட பூனை அவள்! இந்தப் பேராலயத்தை ஆராயும் இளம் ஆய்வாளர் ஒருவருக்கு ஓர் அறக்கட்டளை ஆண்டுதோறும் நிதி தருகிறது. முனைவர் பட்டம் பெற்ற ஐந்து வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஹெஸ்டருக்கு இது ஐந்தாவது வருடம். கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு, மாமாவின் கம்பளக் கடையில் உட்கார வேண்டியதுதான்.

அவன் பெயர் ரூஃபஸ். கட்டடத்தைப் பராமரிக்கும் பொறியாளன் என்று சொல்லிக்கொண்டான். தினமும் வந்தான். கையில் இரண்டு கோப்பைத் தேநீர். அவள் தொடவே இல்லை. முன்பின் தெரியாதவனுக்கு எதற்கு இவ்வளவு அக்கறை? நிச்சயம் போட்டிக்காரன்... வேவு பார்க்க வருகிறான்... நாளுக்கொரு பொய் சொன்னாள். அவனும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அவன் வராத ஒரு மழைநாளில் அவள் கண்கள் வாசலுக்கே போய்ப் போய் வந்தன. அதற்கும் அவன்மேல்தான் கோபம் வந்தது.

அந்த நிதிக்கான நேர்காணலன்று உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மூன்று நடுவர்களில் ஒருவனாக ரூஃபஸ்! ஒருவருக்கு உடம்பு சரியில்லை, அதனால் இந்தக் கட்டடத்தை நன்றாகத் தெரிந்த இவரைக் காலையில்தான் பிடித்து உட்கார வைத்தோம் என்றார் குழுத் தலைவி. பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார். விண்ணப்பதாரரோடு நடுவர் யாருக்காவது தனிப்பட்ட தொடர்பு உண்டா?

ரூஃபஸ் எழுந்தான்.

போச்சு... சொன்ன பொய்யெல்லாம் சந்திக்கு வரப்போகிறது.

"எனக்கு இருக்குங்க. இவங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. அது இவங்களுக்குத் தெரியாது. என்னை நம்பி ஒரு வார்த்தை நிஜம் பேசினதில்லை. ஆனாலும் நான் மார்க் போட்டா நியாயமா இருக்காது."

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குறிச்சுக்கறோம். நீங்க வெளியே இருங்க."

அதன்பின் அவள் என்ன பேசினாள், எப்படிப் பேசினாள் என்று அவளுக்கே தெரியாது. முடித்துவிட்டு வெளியே வந்தபோது, தாழ்வாரத்தில் மழையைப் பார்த்தபடி ரூஃபஸ் நின்றிருந்தான்.

"நீங்க வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்தா எனக்கு ஒரு ஓட்டு நிச்சயம் இருந்திருக்கும்ல?"

"இருந்திருக்கும். ஆனா, கிடைச்சது ஆராய்ச்சிக்கா, நான் ஆசைப்பட்டதுக்கான்னு ஆயுசு பூரா சந்தேகப்பட்டிருப்பீங்க. முதல் நாள் புறாக்கூடுன்னீங்களே, புறா நுழையாம மேல வலை கட்டினவனே நான்தான்... உங்களைத் தெரியாதா எனக்கு?"

"தெரிஞ்சுமா தினம் வந்தீங்க?"

"அடுத்த பொய் என்னன்னு கேட்காம தூக்கம் வரலையே..."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இவனையா சந்தேகப்பட்டோம்? உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. கடைசி விண்ணப்பதாரர் அவள்தான்; முடிவைச் சொல்ல வருகிறார்கள். அவள் அவசரமாக அவன் கையைப் பிடித்தாள்.

"பணம் கிடைச்சப்புறம் சொன்னா, அந்தச் சந்தோஷத்துல சொல்றேன்னு நீங்க சந்தேகப்படுவீங்க. கிடைக்கலைன்னா, ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைப்பீங்க. அதான் இப்பவே சொல்லிடறேன்... எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."

கதவு திறந்தது. நிதி ஹெஸ்டருக்குத்தான் என்று தலைவி சொன்னார். பிடித்த கையை விட வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.