ஒரு தட்டு மேலே

பன்னிரண்டாவது முறையாக அதீபா செர்வரை ஓடவிட்டாள். பன்னிரண்டாவது முறையாக அது விழுந்தது. திரையில் அதே சிவப்பு வரி: மாட்யூல் கிடைக்கவில்லை.

போன் அதிர்ந்தது. செம்பூர் கிளினிக்கின் மேனேஜர் ராஜசேகர்.

"என்னம்மா, ரெண்டு மணிக்கு பேஷண்ட்லாம் வந்து நிப்பாங்க. டோக்கன் வருமா, இல்ல பழையபடி சீட்டு கிழிச்சுக் குடுக்கவா?"

"ஒரே ஒரு ஃபைல் சார். அது இல்லாம ஓட மாட்டேங்குது."

"உங்க அண்ணன் லேப்டாப்ல ஜம்முனு ஓடிச்சேம்மா!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"ஸாரிம்மா. ஆனா ரெண்டு மணி. தாண்டினா டாக்டர் வேற ஆளைப் பாத்துருவார்."

அவளுக்கு மிச்சமிருந்த ஒரே வேலை அந்த டோக்கன் புரோகிராம். அண்ணன் பைசான் எழுதியதில் மிச்சமிருந்ததும் அதுதான். வெளியிலிருந்து இறக்கும் மாட்யூல்கள் கிடக்கும் ஃபோல்டருக்குள்ளேயே தன் சொந்த ஃபைலையும் போட்டு வைத்திருந்தான். அந்த ஃபோல்டரை யாரும் செர்வருக்கு அனுப்புவதில்லை. அவன் லேப்டாப்பில் ஓடும், வேறெங்கும் ஓடாது. லேப்டாப் அவனோடு எரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை, மணி ஒன்றேகால். ஜும்ஆ தொழுகைக்காகத் தாராவியின் அந்தச் சந்தில் தையல் மெஷின்கள் அத்தனையும் நின்று, தகரத்தில் மழை சொட்டுவது மட்டும் கேட்டது. கீழே தீப்பிடித்த நாளிலிருந்து பூட்டிக்கிடக்கும் தோல் பட்டறை. அதற்கு மேல், உம்மா ஊருக்குப் போனபின் அடுப்பெரியாத நடு அறை. அங்கிருந்து இரும்பு ஏணியேறி, தரைப்பலகைக் கதவைத் தள்ளித் திறந்தால் இந்த மச்சு. மூன்று மாதமாக அவள் இங்கேதான். தனியாக.

செர்வர் எங்கெல்லாம் தேடுகிறது என்று வரிவரியாகக் காட்டச் சொன்னாள். அதன் வழக்கம் அவளுக்குத் தெரியும். நிற்கும் ஃபோல்டரில் இல்லையென்றால் ஒரு தட்டு மேலே போகும். அங்கும் இல்லையென்றால் இன்னும் ஒன்று. உச்சிவரை.

முதல் வரி வந்தது. இல்லை.

கீழே, பூட்டிய பட்டறைக்குள், ஒரு முக்காலி சிமெண்ட் தரையில் நீளமாக இழுபட்டது.

பெருச்சாளி என்று நினைத்துக்கொண்டாள். சாவி அவள் மேஜையில், மவுஸுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

இரண்டாவது வரி. இல்லை.

நடு அறையில் டம்ளர்கள் உரசின. யாரோ அலமாரியைத் திறந்து, பார்த்து, மூடினார்கள். பலகை இடுக்கு வழியாகக் கருகிய தோலும் பசையும் கலந்த நெடி ஏறி வந்து தொண்டையில் ஒட்டியது.

நிறுத்த வேண்டும். நிறுத்தும் விசைகளை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். கர்சர் துடித்துக்கொண்டேயிருந்தது.

ஏணி. முதல் படி. இரண்டாவது. நாலாவது கிரீச்சிடும்.

கிரீச்சிட்டது.

மழைகூட நின்றிருந்தது.

தட். தட். தட். அவள் பாதத்துக்குக் கீழே.

"அதீ..." புகை குடித்த குரல். "ஏட்டி, காக்கா வந்திருக்கேன். தொற."

அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். தீப்பிடித்த அன்றும் இதே மூன்று தட்டு. இதே வார்த்தை. ஏணியின் உச்சிப் படியில் அவனைக் கண்டெடுத்தவர்கள், புகையில் கதவு தட்டுப்படாமல் திணறியிருப்பான் என்றார்கள். போலீஸிடமும் உம்மாவிடமும் அவள் ஒன்றையேதான் சொன்னாள்: தூங்கிட்டேன், எதுவும் கேக்கல.

திரையில் மூன்றாவது வரி.

கிடைத்தது.

பலகை சுட்டது. இடுக்கில் கரிந்த நான்கு விரல்நுனிகள் வரிசையாகத் தோன்றின. அன்று, புகை மேலே வந்துவிடக் கூடாதென்று அவள் தன் கையாலேயே இழுத்துப் போட்டு, அவன் தட்டி ஓயும்வரை பலகைக் கதவின் மேலேறி நின்றாளே, அந்தத் தாழ்ப்பாள், இப்போது யாரும் தொடாமல், மெல்ல, பின்னால் நகர்ந்தது.