பெட்டிக்குள் வைத்த சேலை

மதகுப் பக்கம் வந்ததும் சுக்கு நின்று வாலை ஆட்டியது.

வானதி சுற்றிலும் பார்த்தாள். கரையில் யாரும் இல்லை. வெள்ளத்துக்குப் பயந்து கருங்கல் பாவிய சரிவு ஒரு பக்கம் ஆறு வரை வெறுமையாக இறங்கியது. மறுபக்கம், அறுப்புக்கு நின்ற வயல்களின் மேல் தை மாதத்துப் பனி, பொழுது சாய்வதற்கு முன்பே படியத் தொடங்கியிருந்தது. எங்கோ அறுவடை இயந்திரத்தின் இரைச்சல், வைக்கோல் புழுதியின் வாசனை, மதகுப் பலகை இடுக்கில் கசியும் தண்ணீரின் சத்தம். நாய் வாலாட்டுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது அவளைப் பார்த்து வாலாட்டியதில்லை. சோறு வைப்பது அவள். உண்ணி பொறுக்குவது அவள். சாயங்காலம் கரைக்குக் கூட்டி வருவதும் அவள்தான். தின்று முடித்ததும் அது கூடத்துக்குப் போய், மோகனப்பிரியாவின் படத்துக்குக் கீழே படுத்துக்கொள்ளும்.

மோகனப்பிரியா இளவழகனின் மூத்த தாரம். காய்ச்சலில் போனவள். இந்த நாயைக் குட்டியாக எடுத்து வந்து, சுக்கு என்று பெயர் வைத்து, இதே கரையில் நடக்கப் பழக்கியவள். நாய் தன் பக்கம் வந்துவிட்டால் புருஷனும் பின்னாலேயே வந்துவிடுவான் என்று வானதி நினைத்திருந்தாள். அப்படி நினைப்பது பைத்தியக்காரத்தனமோ என்றும் சில சமயம் தோன்றும். ஆனாலும் ஒரு நாள்கூட நாயைக் கவனிக்காமல் விடவில்லை.

"வாடா, யாரப் பாத்து இளிக்கிற?" சங்கிலியை இழுத்தாள்.

சுக்கு மூக்கைக் காற்றில் நீட்டியது. திரும்பி அவள் நைட்டியின் ஓரத்தை மோந்தது. மறுபடியும் காற்றை. இரண்டும் ஒன்றுதானா என்று பார்ப்பது போல.

வானதிக்கு மூங்கில் பெட்டி நினைவுக்கு வந்தது.

போன வெள்ளிக்கிழமை பூவாடைக்காரிக்குப் படையல். சுமங்கலியாகப் போனவளுக்குப் புதுப் புடவை எடுத்து, பூவோடு மூங்கில் பெட்டிக்குள் வைத்துக் கும்பிடுவார்கள். அடுத்த படையல் வரை பெட்டியைத் திறக்கக் கூடாது. இளவழகன் கும்பகோணம் போய் அரக்கு நிறத்தில் பட்டு எடுத்து வந்தான். வானதிக்கு அவன் தானாக ஒரு ரவிக்கைத் துணிகூட எடுத்ததில்லை.

"அவளுக்கு இந்தக் கலர்தான் உசுரு," என்று சொல்லி வானதி கையிலேயே கொடுத்தான்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. பட்டைப் பீரோவுக்குள் ஒளித்தாள். தான் கட்டிக் கட்டிச் சாயம் போன மாம்பழ நிறச் சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். மேலே பூவைக் கொட்டி மூடினாள். செத்தவளுக்கு இது போதும்.

இன்று மத்தியானம் மாமியார் தங்கமணி பெட்டியை உறியில் தள்ளி மாட்டும்போது கேட்டாள்.

"ஏண்டி, பெட்டி காத்து மாதிரி இருக்கு. புதுசுதானே வச்ச?"

"புதுசுதான் அத்தை."

சட்டென்று, பிடித்திருந்த சங்கிலி கையைவிட்டு உருவிக்கொண்டு போனது. சுக்கு ஓடியது. கரை நெடுக, கல்லில் சங்கிலி உரச, பனிக்குள் ஓடியது.

"சுக்கு! டேய்!"

பனிக்குள் ஒருத்தி நடந்து போய்க்கொண்டிருந்தாள். மாம்பழ நிறச் சேலை. ஓரத்தில் அடுப்புச் சூடு பட்ட கறை. வானதிக்குத் தெரிந்த கறை. நடந்து போனவள் நின்று, குனிந்து நாயின் காதைச் சொறிந்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து காற்றில் வாசனை வந்தது. வானதி போடும் பவுடர். வானதியின் தலை எண்ணெய். வானதியின் வியர்வை.

அந்தச் சேலை கட்டியவள் திரும்பவில்லை. சங்கிலியை எடுத்துக்கொண்டு கரையை விட்டு இறங்கினாள். வீட்டுப் பக்கம்.

வானதியும் ஓடினாள். ஓட ஓடக் காலில் எதுவோ சரசரத்தது. வேகமாக ஓட முடியவில்லை. எதுவோ தடுக்கியது. குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை.

கம்பிக் கேட் உள்பக்கம் தாழிட்டிருந்தது. வாசலில் விளக்கு. இளவழகன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"வானதி, காப்பி ஆச்சா?"

"தோ வந்துட்டேங்க!" அடுக்களையிலிருந்து குரல் வந்தது. வானதியின் குரல்.

"என்னங்க!" கேட்டைப் பிடித்து ஆட்டினாள் வானதி. கம்பி அசையவில்லை. "என்னங்க, நான் இங்க இருக்கேன்! அத்தை!"

அவன் தலையைத் தூக்கவில்லை. மாம்பழ நிறச் சேலைக்காரி டம்ளரோடு வந்தாள். முகத்தில் பாதி நிழல். அவன் வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். வானதியைப் பார்த்து ஒரு நாளும் சிரிக்காத சிரிப்பு.

அப்போதுதான் வானதி குனிந்து பார்த்தாள்.

உடம்பில் நைட்டி இல்லை. அரக்குப் பட்டு. மடிப்புக் கலையாத புதுப் பட்டு. கொசுவத்தின் இடுக்கெல்லாம் வாடிய படையல் பூ.

வாசலில் படுத்திருந்த சுக்கு எழுந்தது. சேலைக்காரியைக் கடந்து, ஏறிட்டும் பார்க்காமல், கேட்டுக்கு வந்தது. கம்பி வழியாக மூக்கை நீட்டி வானதியின் கையை மோந்தது. நக்கியது.

வாலை ஆட்டியது. உடம்பு முழுக்க நெளிய, ஆசை ஆசையாக ஆட்டியது.

"என்ன அதுக்கு?" என்றான் இளவழகன். "வெளியில யாரும் இல்லையே."

சேலைக்காரி வந்து சங்கிலியைப் பிடித்தாள்.

"வாடா," என்றாள். "யாரப் பாத்து இளிக்கிற?"

இழுபட்டுக் கதவுக்குள் போகும்வரை சுக்கு வானதியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. வால் நிற்கவே இல்லை.