சொல்லியிருக்கலாம், இருதயசெல்வி!

“ஹலோ... இது பொம்பளைங்க சீட்டுங்க!”

விழுப்புரத்தில் பஸ் கிளம்பும் நேரத்தில் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தவனை முறைத்தாள் இருதயசெல்வி. வெளியே நல்ல மழை. நனைந்த தலையோடு அசடு வழிந்தான் அவன்.

“வேற சீட்டு எங்கங்க இருக்குது? திண்டிவனம் வரைக்கும் நின்னுக்கினே வரச் சொல்றீங்களா?”

அந்தச் சிரிப்பைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தாள். பெயர் அந்தோணி பிரபு, திண்டிவனத்தில் ஆட்டோ ஓட்டுகிறான். டிக்கெட் வாங்குவதற்குள் அவனே எல்லாம் ஒப்பித்துவிட்டான்; அவள் தன் பெயரை மட்டும் சொன்னாள்.

அவன் மடியிலிருந்த பை குலுங்கியது. உள்ளே மாத்திரை டப்பாவின் சத்தம்; பை வாயில் ஆஸ்பத்திரியில் தரும் அதே வெள்ளை டப்பா எட்டிப் பார்த்தது. அவளுக்குத் தெரியாத சத்தமா! அவள் பையிலும் அதே எச்.ஐ.வி. மாத்திரைதான், சத்தம் வராமலிருக்கப் பஞ்சு அடைத்திருந்தாள். சொந்த ஊரில் யார் கண்ணிலும் படக்கூடாதென்று, அவளைப் போலவே அவனும் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு வந்து வாங்குகிறான்.

“சத்து மாத்திரைங்க,” என்றான், அவள் கேட்காமலே. பிறகு முகத்துக்கு நேரே கையை வீசினான்.

“கொசுவா?”

“இல்லீங்க... இடது கண்ணுல கறுப்பு கறுப்பா ஏதோ மிதந்துக்கினே இருக்குது. ஒரே பேஜாரு.”

சட்டென்று அவன் கண்ணை உற்றுப் பார்த்தாள். அவளுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. மாத்திரை போட்டு உடம்பு தேறிவந்த நேரத்தில், முன்பே கண்ணுக்குள் புகுந்திருந்த கிருமியால் ஒரு கண்ணே போய்விட்டது. முள் குத்திவிட்டதென்று ஊருக்குச் சொல்லிவைத்திருக்கிறாள். உடனே கண் டாக்டரிடம் ஓடச் சொல்ல வேண்டும். ஆனால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பானே... இந்தச் சிரிப்பு விலகிப் போய்விடுமே...

“தூக்கம் இல்லாம இருக்கும்ங்க,” என்றாள்.

பாவி! நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டாள்.

அடுத்த மாதம் அதே பஸ்ஸில் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

“இடது கண்ணு போயிடுச்சிங்க. உள்ள விழித்திரை கிழிஞ்சி போச்சாம். முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு... எனக்கு யாருங்க சொன்னா?”

அவள் அழுதாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும்.

“எனக்குத் தெரியும்ங்க. நானும் அதே மாத்திரதான் சாப்புடறேன். என் கண்ணும் இப்படித்தான் போச்சி. சொன்னா எழுந்து போயிடுவீங்கன்னு... உங்கள ரொம்பப் புடிச்சிருந்துச்சிங்க. அதான் சொல்லல.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். விக்கிரவாண்டியில் பாதி பஸ் காலியானது. ஆனால் அவன் வேறு சீட்டுக்கு எழுந்து போகவில்லை. கூட்டேரிப்பட்டும் போய்விட்டது.

“புடிச்சிருந்தா சொல்லியிருக்கணும் செல்வி,” என்றான் கடைசியில். கோபம்தான். கோபத்திலேயே குரல் உடைந்தது. “வலது கண்ணுலயும் லேசா ஆரம்பிச்சிருக்குதாம். வியாழக்கிழம கண்ணுக்குள்ள ஊசி போடறாங்களாம். தனியா போக பயமா இருக்குது... கூட வர்றியா?”