ஆறு மூலைகள்

அப்பா கையைத் தூக்குவதற்குள் மகள் வலது முன்மூலைக்குப் போய்விட்டிருந்தாள். அவர் காட்ட நினைத்ததும் அந்த மூலையைத்தான்.

காலை ஐந்து மணி. பாட்மிண்டன் கிளப்பின் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. காற்றடித்தால் இறகுப்பந்து திசைமாறும் என்று கதவைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தித்தான் ஆடுவார்கள். முந்தின மாலை ஆடியவர்களின் வியர்வை, ரப்பர், முட்டிக்குத் தேய்த்த தைலம் எல்லாம் இரவு முழுக்க அடைபட்டுக் கிடந்து, விடியுமுன் உள்ளே வருகிறவர் முகத்தில் ஈரத்துணி மாதிரி வந்து ஒட்டும். விளக்குகளும் போட்டவுடன் எரிவதில்லை. ரீங்காரமிட்டபடி மெல்ல மெல்ல வெளுத்து, கால் மணி நேரம் போனால்தான் தரையில் கோடுகள் தெளியும்.

இது பந்தில்லாத பயிற்சி. வலைக்கு இந்தப் பக்கம் ஒருவர் நின்று கையால் காட்ட வேண்டும். முன்னால் இரண்டு, பக்கத்தில் இரண்டு, பின்னால் இரண்டு என்று ஆறு இடம். கிளப்பில் ஆறையும் மூலை என்றே சொல்வார்கள். காட்டிய மூலைக்கு ஓடி, இல்லாத பந்தை அடித்து, நடுவுக்குத் திரும்பி, அடுத்த கைக்குக் காத்திருக்க வேண்டும். காட்டுவது பயிற்சியாளர் வேலை. அவர் முட்டி அறுவைசிகிச்சை முடிந்து வீட்டில் கிடப்பதால் இரண்டு வாரமாக அப்பாவே காட்டுகிறார். அவர் பேருந்து ஓட்டுநர். மட்டையைத் தொட்டதில்லை. ஆறு மணிக்கு ஆட வரும் பென்ஷன்காரர்கள் நேற்று கொஞ்சம் முன்னதாக வந்து பார்த்துவிட்டு, பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுவது போலவே இருக்கிறது, சில்லறை சரியாக இருக்கிறதா என்று கேட்டுச் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அணித் தேர்வு. இரண்டு வருடமாக ஒரே வார்த்தை சொல்லித் தள்ளிவிட்டார்கள்: கை இருக்கிறது, கால் இல்லை. அடுத்த மாதம் பதினைந்து வயதாகிவிட்டால் இந்தப் பிரிவில் நுழையவே முடியாது. புறப்படும்போது மனைவி, பிள்ளைக்கு முட்டி வீங்கியிருக்கிறது, இன்று ஒரு நாள் தூங்கட்டும் என்றாள். அவர் வண்டியைக் கிளப்பினார்.

கைபேசியில் ஒரு நிமிடம் வைத்து எண்ணினார். வழக்கமாக இருபத்திரண்டு மூலை. இன்று இருபத்தெட்டு. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பிறகுதான் உறைத்தது. அதில் ஐந்தாறு மூலைகளுக்கு அவர் கையே தூக்கவில்லை.

அவளைக் கவனித்தார். பார்வை அவர் கைமேல் இல்லை. அவருடைய தோளுக்கு ஒரு சாண் மேலே, பின்னால் நிலைத்திருந்தது.

"எங்கம்மா பாக்குற?"

"கையத்தான்."

"என் கையவா?"

பின்மூலைக்குப் போய் அடித்துவிட்டுத் திரும்பினாள். "உங்களுது லேட்டுப்பா."

இருபது வருடம் கண்ணாடியில் பின்னால் பார்த்தே வண்டி ஓட்டியவர். கழுத்தைத் திருப்பிப் பார்ப்பது அவருக்குப் புதிது. திரும்பினார். கரும்பச்சைச் சுவர். இரண்டடி தள்ளி, வேறு எதுவும் இல்லாமல்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இருபத்தெட்டு.

கைபேசியில் மறுபடி ஒரு நிமிடம் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் கால்சட்டைப்பைகளில் நுழைத்துக்கொண்டார். எண்ணத் தொடங்கினார்.

காற்றில்லாத கூடத்தில் அவருடைய இடது காதோரம் மெல்லிய காற்று வந்தது, பக்கத்தில் நிற்கிறவர் சட்டென்று கையை வீசினால் சட்டைக்கை அசைந்து வருமே, அந்த மாதிரி; மகளின் காலணி கிறீச்சிட்டு அந்தப் பக்கமே ஓடியது. வலது காதோரம் வந்தது. வலதுபக்கம் ஓடினாள். இடது. வலது. மறுபடி வலது. பழைய அலமாரியைத் திறந்ததும் வருகிற வாடை, அந்தக் காற்றில் கொஞ்சம் இருந்தது.

முப்பத்துமூன்று.

அவள் உதடு வெளுத்திருந்தது. கண் இமைக்கவில்லை. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வீங்கிய முட்டி வெளிப்பக்கமாக மடங்கியது.

முப்பத்தொன்பது.

பைகளிலிருந்து கைகளை எடுத்தார். "போதும்மா. நில்லு."

நிற்கவில்லை. முன்மூலை. பின்மூலை. நடு.

"பாப்பா. நில்லுன்னா நில்லு."

"நான் நின்னுடுவேம்பா." மூச்சு வாங்கியது. அழுதுகொண்டிருந்தாள். "காட்டுறத நிறுத்தச் சொல்லுங்க."

அவர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. யாரென்று தெரியாவிட்டாலும் மரியாதை தானாக வந்தது. "நிறுத்திடுங்க," என்றார். "பிள்ளைக்குக் கால் சரியில்லைங்க."

காற்று நின்றது.

மகள் நடுவில் நின்றாள். விளக்குகளின் ரீங்காரம். அவளுடைய மூச்சு. அவருடைய மூச்சு. அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை போகட்டும், எல்லாம் போகட்டும், வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தால் போதும் என்று நினைத்தார்.

அவருடைய உச்சந்தலை முடி அசைந்தது.

இந்த முறை இடதும் இல்லை, வலதும் இல்லை. தலைக்கு நேர் மேலே, உயர்ந்துகொண்டே போனது.

மகளின் முகவாய் மெல்ல நிமிர்ந்தது. அவள் கண்கள் மேலே போயின. இன்னும் மேலே.

"அது மூலையே இல்லையேப்பா," என்றாள்.

எம்புவதற்காக அவள் முழங்கால்கள் மடங்கின.

அவர் ஓடினார். வலைக்கு அடியில் குனிந்து நுழைந்தார். நுழையும்போது காலணிகள் ஒருமுறை, பலமாக, தரையை உந்துகிற சத்தம் கேட்டது.

குனிந்தபடியே காத்திருந்தார்.

கால் ஊன்றும் சத்தம் வரவில்லை.

வெற்றுத் தரை. வெள்ளைக் கோடுகள். நிமிரவேண்டும். கழுத்து நிமிரவில்லை.

எதிரே, ஆட்டக்களத்தின் நடுவில், ஒரு சொட்டு வியர்வை விழுந்தது.

சற்றுப் பொறுத்து, அதன்மேலேயே, இன்னொன்று.