வராதவருக்கு வைத்த தட்டு

பகல் பதினோரு மணிக்கு அந்தப் பழைய கூடத்துக்குள் முதன்முதலாக நுழைந்தபோது வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். உள்ளே மட்டும் ஈரச் சுவர் வாடை. நான் ஒரு தையல்காரி. புண்ணியம் தேடி அங்கே போகவில்லை. வீடில்லாதவர்களுக்கு மதியச் சாப்பாடு போடும் இடம் அது. வரிசையில் என்றாவது என் அண்ணன் வந்து நிற்பான் என்ற ஆசையில்தான் பரிமாற வருகிறேன் என்று சொல்லிச் சேர்ந்தேன்.

அண்ணன் வேலை போய் ஆறு மாதம் எங்கள் வீட்டில் இருந்தான். ஒருநாள் ஆத்திரத்தில், "உனக்கு வடிச்சுக் கொட்டியே என் கை தேஞ்சு போச்சு. எங்கேயாவது போய்த் தொலை" என்று கத்திவிட்டேன். போயே விட்டான். பதினோரு மாதம் ஆகிறது. என் வாய்க்கொழுப்பை நினைத்து அழாத நாளில்லை.

கூடத்தில் சமைக்கும் பெரியவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். கரண்டியை என் கையில் கொடுக்கும்போதே ஒரே ஒரு சட்டம் சொன்னார்.

"ஆளைப் பாத்துதான் தட்டு. கூட்டாளி வரான், ஒண்ணு எடுத்து வைங்கன்னு யார் கேட்டாலும் வைக்கக் கூடாது."

"ஏன் மாஸ்டர், மிச்சமாத்தானே போகுது?"

"வராதவனுக்கு வெச்சா, வர ஆரம்பிச்சுடுவான்மா."

கஞ்சத்தனத்துக்கு இப்படியும் ஒரு சாக்கா என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

மூன்று வாரம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அண்ணன் இல்லை. நாலாவது வாரம் மனசு தாங்கவில்லை. மாஸ்டர் அடுப்புப் பக்கம் திரும்பிய நேரம், கடைசி பெஞ்சின் ஓரத்தில் ஒரு தட்டு வைத்தேன். சூப், ரொட்டி, அவித்த முட்டை. "அண்ணா, உனக்குத்தான்" என்று வாய்விட்டும் சொன்னேன்.

கழுவ எடுத்தபோது தட்டு காலி. முட்டையின் மஞ்சள் கரு மட்டும் முழுசாக ஒதுங்கிக் கிடந்தது. சின்ன வயசிலிருந்தே அண்ணன் மஞ்சள் கருவைத் தொடமாட்டான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்திருக்கிறான்! என் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு, நான் அசந்த நேரம் பார்த்துச் சாப்பிட்டுப் போயிருக்கிறான். மறுநாளும் வைத்தேன். அதற்கடுத்த நாளும். தட்டு மட்டும்தான் காலியானது. ஆளைக் கண்ணில் காணோம்.

இன்னொன்றும் உறுத்தியது. அந்தப் பெஞ்சில் இப்போது யாரும் உட்காருவதில்லை. தட்டைக் கையில் ஏந்தி, சுவரோரமாக நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். பெஞ்சின் ஓரம் எந்நேரமும் நனைந்திருந்தது. துடைத்தால் மறுபடி நனைந்தது. சேற்று நாற்றம் வேறு.

எட்டாம் நாள், வெயிலிலும் கோட்டைக் கழற்றாத ஒருவர், கோட்டுக்காரர் என்றே அவரைக் கூப்பிடுவோம், தட்டை நீட்டியபடி என் பக்கம் குனிந்தார்.

"டெய்லரம்மா, அந்த ஓரத்துல உக்காந்திருக்கிறது உங்களுக்கு யாரு?"

"நீங்க பாத்தீங்களா? அது என் அண்ணன்ங்க! எங்கே தங்கியிருக்கான்?"

அவர் தட்டை மேசைமேல் வைத்துவிட்டார்.

"போன மழையில, ராத்திரி பாலத்துக்கடியில தண்ணி ஏறிடுச்சும்மா. தூங்கிட்டிருந்தவங்க நிறைய பேர் போயிட்டாங்க. அவர் உடம்பையும் நான்தான் தூக்கினேன்."

கரண்டி என் கையிலிருந்து விழுந்தது.

விஷயம் தெரிந்ததும் எல்லோரையும் அனுப்பிவிட்டு மாஸ்டர் வாசலில் நின்றார். உள்ளே வர அவருக்குத் தைரியம் இல்லை. "நீதானே வெச்சே? நீதான் அனுப்பணும். போன்னு ஒரு வார்த்தை சொல்லிடு தாயி. வேற யார் சொன்னாலும் போகமாட்டான்."

நான் பெஞ்சின் முன் போய் நின்றேன். ஜன்னலில் பட்டப்பகல்.

பெஞ்சு மெல்லக் கிறீச்சிட்டது.

சொட்டு. சொட்டு. தரையில் நீர் விழுந்தது.

காலித் தட்டு என்னை நோக்கி ஒரு சாண் நகர்ந்தது.

இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் அண்ணன் இப்படித்தான் தட்டைத் தள்ளுவான். ஒரு தடவை போகச் சொல்லித்தான் அவனைக் கொன்றேன். இன்னொரு தடவை எந்த வாயால் சொல்வேன்?

"வீட்டுக்கு வா அண்ணா" என்றேன்.

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டியேம்மா!"

மறுநாள் நான் கூடத்துக்குப் போகவில்லை. வீட்டிலேயே சமைத்து, அண்ணன் உட்காரும் நாற்காலிக்கு எதிரே தட்டு வைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலி நனைந்தது. ஓரடி பின்னால் நகர்ந்தேன். ஆனாலும், அவன் சாப்பிடட்டும் என்றுதான் மனசு சொன்னது.

மதியம் சாப்பிட வந்த என் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏய், உள்ள யார் வந்திருக்காங்க?"

"யாரும் இல்லையே. ஏங்க?"

"பின்ன, இத்தனை செருப்பு யாரோடது?"

எட்டிப் பார்த்தேன். வார் அறுந்தவை, கயிறு போட்டுக் கட்டியவை, தேய்ந்து ஓட்டை விழுந்தவை. எல்லாம் ஈரம் சொட்டச் சொட்ட, எங்கள் நிலைப்படியில் தொடங்கி, மாடிப்படி முழுக்க இறங்கி, தெருவரைக்கும் நின்றன.

வரிசையாக.

சமையலறையில், அலமாரியிலிருந்து தட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தம் கேட்டது.